நடுக்கூடத்து அலமாரிகள்

11 ஜூன் 2007, திங்கள்

மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. துப்பட்டாவை மூக்கருகே கொண்டுபோனால் இப்போதும் அந்த நாற்றம்தான்.

பெரியப்பாவின் கல்லூரியில் பெண்கள் விடுதியைப் பார்க்கப் போயிருந்தேன். மல்லாங்கிணறு போகும் வழியில், கருவேலங்காட்டை அழித்துக் கட்டிய கல்லூரி. பட்டாசுக் கம்பெனி சீனிவாசகம் என்றால் இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. பத்து வருஷமாகக் கல்வி வள்ளல் சீனிவாசகமும் அவர்தான். அப்பாவின் அண்ணன். 'புது லேடீஸ் ஹாஸ்டல் கட்டணும். நம்ம வீட்டுலயே படிச்ச பிள்ள இருக்கயில வெளியாளு எதுக்கு?' என்று போன வாரம் அவர் கேட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டடக் கலை படித்துவிட்டு ஊர் திரும்பி எட்டு வருஷம் ஆகிறது. நான் வரைந்ததெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்து முகப்பு, கல்யாணமான புதிதில் சூர்யாவின் அச்சகத்துக்கு ஒரு மாடி, சொந்தக்காரர்கள் வீட்டுப் பூஜை அறைகள். அவ்வளவுதான்.

வார்டன் பஞ்சம்மாள் சுற்றிக் காட்டினார். நாலு பேர் படுக்கும் அறையில் பதினொரு பேர். கட்டில் கிடையாது, பாய். தலைமாட்டில் தகரப்பெட்டி. கயிற்றில் ஈரத் துணி. ஜன்னலை வெளியிலிருந்து தகரம் வைத்து அடித்திருக்கிறார்கள்.

"ஏன் அடைச்சிருக்கு?"

"எதுத்தாப்புல பயலுக கிரவுண்டுல்லாம்மா. இவளுக பாப்பாளுக, அவனுக பாப்பான்க. எதுக்கு வம்பு?"

குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. துப்பட்டாவைக் கட்டி இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். மூலையில் ஒரு தகர டிரம்மில் மாதவிலக்குத் துணியைப் போட்டு எரிக்கிறார்கள், அந்தப் புகை நேரே படிக்கும் அறைக்குள் வருகிறது. அங்கே ஒரு பெண் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புகை பழகிவிட்டது போல. கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"வசதி செஞ்சு குடுத்தா லீவுக்கு வீட்டுக்கே போகமாட்டாளுகம்மா" என்றார் பஞ்சம்மாள். சிரித்துக்கொண்டே.

பெரியப்பாவின் பட்டாசு ஆலையில் மருந்து அறைகளைப் பார்த்திருக்கிறேன். எதிரெதிரே வாசல். நாலு பேருக்கு மேல் உள்ளே நிற்கக் கூடாது. சுவரில் பெரிதாக எழுதியே வைத்திருப்பார்கள். வெடிமருந்துக்குக் கிடைத்த இடம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

12 ஜூன்

இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன்.

20 ஜூன், புதன்

பெரியப்பாவை ஆலை அலுவலகத்தில் பார்த்தேன். கல்லூரிப் பதிவாளர் லட்சுமிகாந்தமும் இருந்தார். அவர் எப்போதும் பெரியப்பா முடித்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுவார்.

கல்லூரியைப் பல்கலைக்கழகம் ஆக்கப் போகிறார்களாம். டெல்லியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். குழுவுக்குக் காட்ட ஒரு கட்டடம் வேண்டும். அதற்குத்தான் விடுதி. பிள்ளைகள் புழுங்கிச் சாகிறார்கள் என்பதற்காக இல்லை.

"இயற்கையோட ஒட்டுன கட்டடம்னு இப்ப சொல்லுதாகல்ல. கரண்டு கம்மியா ஆகணும், மழத்தண்ணி சேரணும். அந்தமாதிரி வரைம்மா."

"வரைதேன் பெரியப்பா. ஆனா ஒரு அறைக்கு இத்தன பேர்தான்னு நீங்க எனக்கு ஒரு வாக்கு குடுக்கணும். உங்க மருந்து ரூமுல நாலு பேருக்கு மேல விடமாட்டீகல்ல?"

அவருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "அது கவர்மென்ட் சட்டம்மா. மீறுனா லைசென்ஸ் போயிரும். பிள்ளைகளுக்கு என்ன சட்டம் இருக்கு?"

"சட்டம் இருக்கு?" என்றார் லட்சுமிகாந்தம்.

மழைநீர்ச் சேகரிப்பு கல்லூரியில் ஏற்கனவே இருக்கிறது என்று அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். மொட்டை மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே நின்றுவிடுகிறது. கீழே தொட்டியும் இல்லை, குழியும் இல்லை. ரசீது மட்டும் இருக்கும்.

7 ஜூலை, சனி

பிள்ளைகளிடம் கேட்காமல் வரையக் கூடாது என்று தோன்றியது. பஞ்சம்மாள் பக்கத்தில் இருந்தால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கேண்டீன் பின்னால் வைத்துப் பேசினேன். அன்று புகைக்குள் கணக்குப் போட்டவள்தான் முதலில் பேசினாள். பேர் பொன்மணி. சிவில், இரண்டாம் வருஷம். அச்சங்குளத்துக்காரி. அம்மா கருப்பம்மாள் அங்கே பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். இவள் கவுன்சலிங்கில் மதிப்பெண்ணுக்கு இடம் வாங்கி வந்தவள்.

"ராத்திரி எந்திரிச்சா யாரு காலையும் மிதிக்காம பாத்ரூமுக்குப் போயிட்டு வரணும்க்கா. அதுபோதும்."

இன்னும் கேள் என்றேன். யோசித்தாள்.

"பரீட்சை நேரத்துல நாலஞ்சு பேரு ஒண்ணா உக்காந்து படிக்கணும். மத்த நேரம் தனியா இருந்தா தேவலைன்னு இருக்கும். ஒருத்திக்குக் காய்ச்சல்னா அவள மட்டும் காத்தோட்டமா படுக்கவைக்கணும். ஒரே ரூமே ஒவ்வொரு நேரத்துக்கு ஒவ்வொரு மாதிரி இருந்தா... கோவிச்சுக்கிடாதீகக்கா, அப்படியெல்லாம் கட்ட முடியாதுல்ல?"

முடியும்.

29 ஜூலை, ஞாயிறு

மூன்று வாரமாக இதே நினைப்பு. சூர்யா, 'தூக்கத்துல கூட அலமாரி அலமாரிங்குற' என்கிறார்.

தெற்குக் கட்டு, வடக்குக் கட்டு என்று இரண்டு நீளக் கட்டடம். இரண்டையும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு நடுக்கூடம் சேர்க்கிறது. உள்ளே செங்கல் குறுக்குச் சுவரே கிடையாது. ஆள் உயரத்துக்கு மேலே போகும் மர அலமாரிகள், அடியில் சக்கரம். அவைதான் சுவர். இரண்டு பேர் தள்ளினால் நகரும். வேண்டுமானால் இரண்டு பேருக்கு ஓர் அறை. நாளைக்கே எட்டுப் பேருக்கு ஒரு படிப்புக் கூடம். வெளிச்சுவர் நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது, வெயில் உள்ளே இறங்காது. ஜன்னலுக்குப் பதில் செங்கலிலேயே துளை விட்ட சுவர். உள்ளிருந்து வானம் தெரியும், வெளியிலிருந்து ஆள் தெரியாது, பஞ்சம்மாளுக்குத் தகரம் வேண்டாம். தெற்கிலிருந்து வரும் காற்று நடுக்கூடம் வழியே வடக்குக் கட்டுக்குப் போகும். அந்தக் காற்றுக்காகத்தான் நடுக்கூடம். மழைக்கு உண்மையான தொட்டி. ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு பக்கமும் வாசல், இரண்டு பக்கமும் படி.

பெரியப்பாவுக்குப் பிடித்துவிட்டது. சின்ன மாதிரி ஒன்று அட்டையில் செய்து கொண்டுபோயிருந்தேன். அலமாரிகளை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். எனக்கு அன்று அவர் மேல் பிரியம்கூட வந்தது.

14 செப்டம்பர், வெள்ளி

கட்டுமானம் வேகமாகப் போகிறது. கான்ட்ராக்டர் சோலைமலை வெற்றிடச் சுவரைப் பார்த்து, 'செங்கல மிச்சம் பிடிக்கவா?' என்று கேட்டார். இப்போது அவரே போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

11 நவம்பர், ஞாயிறு

தீபாவளி முடிந்து ஊரே துவண்டு கிடக்கிறது. சீசன் முடிந்த சிவகாசியில் நாய்கூடச் சத்தம் போடாது. பெரியப்பா வீட்டில் விருந்து. மகனிடம், மருமகனிடம், யாரோ ஒரு அதிகாரியிடம், எல்லாரிடமும் விடுதியைப் பற்றித்தான் பேச்சு. 'என் தம்பி மக வரைஞ்சது.' அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அண்ணன் கம்பெனியில் முப்பது வருஷம் குடோன் பார்த்த மனிதர், முதல் தடவையாக அண்ணனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

10 பிப்ரவரி 2008, ஞாயிறு

தை முடிவதற்குள் பால் காய்ச்சிவிட்டார்கள். பழைய விடுதிப் பிள்ளைகள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அலமாரியைத் தள்ளிப் பார்த்து ஒரே சிரிப்பு. பொன்மணி சுவர் ஓட்டை வழியாக வெளியே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

நான் நடுக்கூடத்தில் நின்றேன். காற்று வந்தது. காகிதத்தில் அம்பு போட்டுக் காட்டிய காற்று, நிஜமாகவே முகத்தில்.

19 பிப்ரவரி, செவ்வாய்

ச்சீ.

21 பிப்ரவரி, வியாழன்

நேற்று முன்தினம் எழுத வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

தொட்டியில் கசிவு என்று போனேன். நடுக்கூடத்தில் எட்டு அலமாரிகளை வரிசையாக நிறுத்திச் சுவராக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று தளத்திலும். தெற்குக் கட்டில் நிர்வாகச் சீட்டில் நன்கொடை கொடுத்துச் சேர்ந்த பிள்ளைகள், ஓர் அறைக்கு இரண்டு பேர், பாதிக் கட்டில்கள் காலி. வடக்குக் கட்டில் கவுன்சலிங் பிள்ளைகள் மொத்தமும். அறை என்றே இல்லை. கட்டிலோடு கட்டில் ஒட்டி. நடக்க வழி இல்லை. பொன்மணியின் கட்டில் குளியலறைக் கதவை இடிக்கிறது. யாருடைய காலையும் மிதிக்காமல் போக வேண்டும் என்று கேட்டவள்.

காற்றும் இல்லை. நடுக்கூடத்தை அடைத்த பிறகு காற்று எங்கிருந்து வரும்?

லட்சுமிகாந்தத்திடம் போய்க் கத்தினேன். அவர் குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு உதவி செய்கிற மாதிரி, சொன்னார். சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவரின் வீட்டம்மா வந்து சண்டை போட்டார்களாம். மகள் சுபாஷினி தெற்குக் கட்டில் இருக்கிறாள். 'எந்தத் தெருவுன்னே தெரியாத பிள்ளைக குளிச்ச பாத்ரூம்ல எம்மக குளிக்கணுமா?' அந்தம்மா போன பிறகு இன்னும் நாலு வீட்டிலிருந்து போன் வந்ததாம்.

அந்த வீடுகள் எல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் நம்ம ஆளுக. கல்யாணம் காட்சியில் என் கன்னத்தைக் கிள்ளியவர்கள். அவர்கள் கம்பெனியில் மருந்து அடைப்பதும் குச்சி அடுக்குவதும் அந்தத் தெருப் பெண்களின் கைதான். அந்தக் கை பட்ட காசு மட்டும் அப்படியே வீட்டுக்குள்ள வரும், பூஜை ரூம் வரைக்கும் வரும், அந்தப் பூஜை ரூமையும் நான்தான வரைஞ்சு குடுத்தேன்.

பெரியப்பாவிடம் கேட்டேன். "நீ போட்ட சுவரு நகருமில்ல? நகத்துனோம். இதுல என்ன தப்பு?" என்றார். உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

செங்கல் சுவராக இருந்தால் யாரும் இவ்வளவு சுலபமாகப் பிரித்திருக்க முடியாது. நான் அவர்களுக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறேன்.

27 பிப்ரவரி, புதன்

லட்சுமிகாந்தம் வீட்டுக்கே வந்தார். பிள்ளைகள் சாயங்காலமானால் நடுக்கூடத்து அலமாரிகளை நகர்த்திவிடுகிறார்களாம். அதனால் அலமாரிகளை ஒன்றோடொன்று சேர்த்து, தரையிலும் மேலே உத்தரத்திலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டுமாம். அதற்கு வரைபடத்தில் என் கையெழுத்து.

"நட்டு எல்லாம் தெற்குப் பக்கமா இருக்கட்டும் மேடம். வடக்குல உள்ளதுக கழட்டிரக் கூடாதுல்ல."

உள்ளதுக. 

முடியாது என்றேன். சாயங்காலம் அப்பா வந்தார். உட்காரக்கூட இல்லை. "அண்ணன் என்கிட்ட ஒண்ணும் கேக்கலம்மா. ஆனா காலையிலருந்து என் மொகத்தப் பாக்கல. ஒரு கையெழுத்துதானம்மா."

போட்டுவிட்டேன்.

28 பிப்ரவரி

பேனாவைத் தூர எறிந்துவிட்டு, சூர்யாவின் பேனாவால் எழுதுகிறேன். அதனால் என்ன ஆகிவிடப் போகிறது. கை அதே கைதானே.

12 மார்ச், புதன்

வெயில் ஏறிவிட்டது. வடக்குக் கட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம். சோலைமலை சொன்னார்.

17 மார்ச், திங்கள்

ஒன்று ஏழாகிவிட்டது. ஏழு பேருக்கும் முத்து வாரியிருக்கிறது. பரீட்சை நெருங்குகிறது என்று சிலர் வீட்டுக்குப் போக மறுக்கிறார்கள். சிலர் வீட்டில் கைக்குழந்தை. நிர்வாகம் என்ன செய்ததென்றால், வடக்குக் கட்டின் வாசல்களை வெளியிலிருந்து பூட்டிவிட்டது. நோய் உள்ளவளும் இல்லாதவளும் உள்ளே. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தெற்குக் கட்டிலும் ஒருத்திக்கு வந்தது. அவளை ஏசி போட்ட விருந்தினர் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் நான் வாசல் வைத்தேன். இரண்டுக்கும் பூட்டு வாங்க ஆள் இருக்கிறது.

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். "கமிட்டி வர்ற நேரம். பரவிருச்சுன்னா பேரு கெட்டுப்போகும். நீ இதுல தலையிடாத."

18 மார்ச், செவ்வாய்

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன். பொன்மணி.

"அக்கா, இது சுபாஷினி போனு. ஒளிச்சு வச்சிருக்காங்க. அலமாரி இடுக்கு வழியா நீட்டுனாங்க."

தீப்பெட்டிக் கம்பெனி வீட்டுச் சுபாஷினியா என்று கேட்டேன். அதே சுபாஷினிதான். இரண்டு நாளாக இடுக்கு வழியாகத் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் கொடுக்கிறாளாம்.

"உள்ள மூச்சு விட முடியலக்கா. முத்துப் போட்டவளுக உடம்பெல்லாம் எரியுதுன்னு அழுறாளுக. காத்து வேணும்க்கா. இந்தச் சுவர எப்படி எடுக்கணும்னு சொல்லுங்க."

ஒரு நிமிஷம் அப்பாவின் முகம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, வந்தது. அதற்குப் பிறகு, "போன சுபாஷினிகிட்டக் குடு" என்றேன்.

நட்டெல்லாம் அவள் பக்கம். அவள்தான் கழற்ற முடியும். சன்னக் குரல். பயந்திருந்தாள். "ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்டேன். "என் ஸ்கூட்டி டூல் பாக்ஸ்ல இருக்குக்கா."

"முதல்ல அலமாரியக் காலி பண்ணுங்க. சக்கரத்துக்கு அடியில புத்தகத்த வச்சு அடை குடுங்க. கீழ் நட்ட முதல்ல எடு. மேல் நட்ட எடுக்கும்போது ரெண்டு பக்கமும் ஆளுக பிடிச்சுக்கிடணும், இல்லாட்டி சாஞ்சிரும். அவசரப்படாத."

"அக்கா, எங்கம்மாதான் இந்தச் சுவரையே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்மா. கீழ் நட்ட முதல்ல எடு" என்றேன்.

போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரும்பு உராயும் சத்தம். யாரோ 'பிடிலே, பிடிலே' என்று கத்தினாள். பிறகு சக்கரம் உருளும் சத்தம். பிறகு இரண்டு பக்கப் பிள்ளைகளும் சேர்ந்து பேசியதில் ஒன்றும் புரியவில்லை.

வடக்குக் கட்டின் கோடியில், காற்று நேரே போகும் இடத்தில், நோயாளிகளைத் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்துச் சுற்றி அலமாரியை இடைவெளி விட்டு நிறுத்தச் சொன்னேன். அம்மை முன்பே போட்டுத் தழும்பு உள்ளவர்கள் மட்டும் அவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். மற்றவர்கள் தெற்குக் கட்டின் காலிக் கட்டில்களுக்கு. 'வரட்டும்க்கா, எங்க ரூம்ல எடம் இருக்கு' என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது கேட்டது. சிலர் வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதுவும் கேட்டது.

20 மார்ச், வியாழன்

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா போய்ப் பார்த்தாராம். வாசல் பூட்டைத் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டுவிட்டு, உள்ளே பிள்ளைகள் செய்திருந்த ஏற்பாட்டைப் பார்த்து, இதைக் கலைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியப்பா கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டு ஹாலில், பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார்.

"நீதான் சொல்லிக்குடுத்தியா?"

"ஆமா பெரியப்பா."

"கையெழுத்துப் போட்டுட்டு, கழட்டவும் சொல்லிக்குடுத்திருக்க."

"கையெழுத்துப் போட்டதுதான் தப்பு."

சுற்றிலும் பார்த்தார். மகன் நின்றான், லட்சுமிகாந்தம் நின்றார், அப்பா தூணோரம் நின்றார். "சுவரு உன்னுது இல்லம்மா. என்னுது. எங்க நிக்கணும்னு நாந்தான் சொல்லணும். இனிமே கேம்பஸுக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது."

சரி என்றேன். எழுந்து வந்திருக்க வேண்டும். பெரியம்மா, 'காபி ஆறுதும்மா' என்றார். உட்கார்ந்து குடித்தேன். முழு டம்ளரையும் குடித்தேன். என்ன பழக்கம் இது? அவமானப்படுத்தினாலும் கொடுத்ததைக் குடித்துவிட்டு வருகிற பழக்கம்.

அப்பா என்னோடு வாசல் வரை வந்தார். செருப்பைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார்.

30 மார்ச்

அம்மை இறங்கி ஏழு பேரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்களாம். பொன்மணிக்கு வரவேயில்லை.

அலமாரிகளைப் பழையபடி இறுக்க ஆள் வரப் போகிறதாம். குழு வந்து போனதும்.

11 ஏப்ரல், வெள்ளி

இன்று டெல்லிக் குழு வந்தது. கையேடு அச்சடித்தது சூர்யாவின் அச்சகம். கையேட்டுக் கட்டைக் கொடுக்கப் போனவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தார். சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது.

மூன்று பேர் குழு. ஒருவர் கட்டடக் கலைப் பேராசிரியர். சுவரைத் தடவிப் பார்த்தார், தொட்டியை எட்டிப் பார்த்தார். நடுக்கூடத்தில் நின்று, இது எப்படி உபயோகப்படுகிறது என்று கேட்டார். பெரியப்பா ஒரு கணம்கூடத் தயங்கவில்லையாம்.

"போன மாசம் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருச்சுய்யா. நாங்க உடனே சுவர நகத்தி, சீக்காளிகளத் தனியா காத்தோட்டமா வச்சு, மத்தவங்கள இந்தப் பக்கம் மாத்துனோம். எந்தப் பிள்ள எந்தச் சீட்டுன்னு இங்க நாங்க பாக்குறதில்ல. எல்லாம் ஒண்ணா இருக்கணும்."

"ஒண்ணா இருக்கணும்" என்றார் லட்சுமிகாந்தம்.

குழு கைதட்டியதாம். பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டாராம், மற்றக் கல்லூரிகளிலிருந்து ஆட்களை இங்கே பார்க்க அனுப்பப் போகிறாராம். பஞ்சம்மாளும் கைதட்டினாராம். நட்டுப் போட்ட துளைகளின் மேல் கோலம் போட்டிருந்தார்களாம்.

எனக்கு வாந்தி வந்தது. நிஜமாகவே. இரண்டு தடவை.

13 ஏப்ரல்

நேற்றுத்தான் உறைத்தது. அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்ட பிறகு இனி எப்படிப் போல்ட் போடுவார்கள்? மாதா மாதம் யாராவது பார்க்க வருவார்கள். ஆள் வரவில்லையாம் என்று சோலைமலை சொன்னார்.

அந்தப் பொய்தான் பிள்ளைகளைக் காப்பாற்றப் போகிறது. இதில் சந்தோஷப்படுவதா? சந்தோஷப்படவும் செய்தேன். அருவருப்போடு.

26 மே, திங்கள்

சூர்யா சாப்பிடும்போது சொன்னார், "லேபிள் ஆர்டர் இந்த வருஷம் வேற பிரஸ்ஸுக்குப் போயிருச்சு." பெரியப்பா கம்பெனிப் பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள். திருத்தங்கலில் எங்கள் மெஷின் ஆறு மாதம் ஓடுவதே அதில்தான்.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு, அவர் கேட்டார்: "அந்தப் பிள்ளைக எல்லாம் நல்லாயிருக்குகளா?"

"நல்லாயிருக்குக."

"அப்ப விடு. காலண்டர் ஆர்டர் தேடுவோம்."

5 ஜூலை 2008, சனி

பொன்மணி பார்க்க வரச் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் போனேன். நுழைவாயில் வளைவில் 'பல்கலைக்கழகம்' என்று புது எழுத்து, தங்க நிறத்தில். வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"கோவிச்சுக்கிடாதீகம்மா. உங்கள உள்ள விடக் கூடாதுன்னு சேர்மன் உத்தரவு."

"தெரியும்ணே. அந்தப் பிள்ளைய மட்டும் கூப்பிட்டு விடுங்க."

பொன்மணியோடு இன்னொரு பெண்ணும் வந்தாள். ஒல்லி, கண்ணாடி. சுபாஷினி. இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். வேப்பமர நிழல் அவர்கள் பக்கம் இருந்தது. வாட்ச்மேன் தன் நாற்காலியை வெளியே எடுத்து என்னிடம் தந்தார்.

இருவரும் ஒரே அறையாம். தெற்குக் கட்டு, முதல் தளம். சுபாஷினி ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுப் படிக்கிறாள் என்று இவள் புகார். பொன்மணி விடிகாலையிலேயே எழுந்து பாடத்தைச் சத்தமாக வாசிக்கிறாள் என்று அவள் புகார். எல்லாரும் இப்படி இல்லை, இரண்டு மூன்று பேர் இன்னும் தனித்தட்டு, தனி வாளிதான் என்றார்கள். ஒருத்தி வீட்டுக்கே போய்விட்டாளாம்.

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்று சுபாஷினியிடம் கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாசத்துல ஒருதடவதான்க்கா வருவாங்க" என்றாள் சுபாஷினி. "அன்னைக்கு மட்டும் ரெண்டு அலமாரிய நடுவுல தள்ளிவிட்டுருவோம். பொன்மணி அந்தாக்குல வடக்குக் கட்டுக்குப் போயிருவா. அம்மா போனதும் திரும்பத் தள்ளிருவோம். அஞ்சு நிமிஷம்கூட ஆகாது."

"நல்லா உருளுதுக்கா" என்றாள் பொன்மணி. "எண்ணெய் போட்டு வச்சிருக்கோம்."

சரி என்று சொன்னேன். விருதுநகர் பஸ் வந்தது. சுபாஷினி கம்பி வழியாகக் கையை நீட்டி, ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து தின்றேன்.